இருட்டாக நின்ற செல்

(மாட்டுத்தாவணியில் கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டுள்ளது.)

மேலூர், நத்தம், சிவகங்கைப் பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுவேன்.

கெரட்டின் என்கிற புரதத்தைப் பற்றியும், மனித செல்லுக்குள் அது இருக்கும் இடத்தைக் கண்ணுக்குக் காட்டுகிற ஒளிரும் எதிர்ப்பொருள்களைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்துக் கதவுக்குள்ளேயே கிடக்க வேண்டிய விஷயமல்லவா இது என்று சிலர் நினைக்கலாம். சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்துபோன ஒரு பிள்ளைக்குப் பார்வை திரும்புமா என்ற கேள்வி இந்த ஒளியில்தான் விடை தேடியது. அந்தத் தேடலில் நம் மதுரைக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை ஊர் நடுவே வைத்துப் பேச ஒப்புக்கொண்டேன்.

கெரட்டின் என்றதும் நகமும் முடியும் மாட்டுக் கொம்பும் நினைவுக்கு வரும். அவை கெரட்டின்தான். ஆனால் அது அங்கே மட்டும் இருப்பதல்ல. நம் உடம்பின் வெளிப்புறத்தையும் உட்குழாய்களையும் மூடியிருக்கிற எபிதீலிய செல்கள் அத்தனையிலும் கெரட்டின் இழைகள் வலையாகப் பரவிக் கிடக்கின்றன. தோல், வாய், உணவுக்குழாய், குடல், மூச்சுக்குழாய், கண்ணின் மேற்பரப்பு எல்லாமே இதில் அடக்கம். இழையின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். செல் நசுங்காமல், கிழியாமல் நிற்பதற்கு இந்த வலைதான் பலம். தோலின் அடி அடுக்கில் இருக்கும் கே5, கே14 கெரட்டின்களில் மரபணுப் பிழை ஏற்பட்டால், லேசாகத் தேய்த்தாலே கொப்பளிக்கும் ஒரு பிறவி நோய் வருகிறது. இது 1991இல் நிரூபணமானது. ஒரே ஒரு புரதம் பிசகினால் குழந்தையின் தோல் கையோடு வந்துவிடுகிறது.

மனிதனுக்குக் கெரட்டின் மரபணுக்கள் 54. அமிலத் தன்மை கொண்டவை ஒரு குடும்பம், காரத் தன்மை கொண்டவை இன்னொரு குடும்பம். இரண்டிலும் ஒவ்வொன்று சேர்ந்து ஜோடியானால்தான் இழை உருவாகும். தனியாக நிற்கும் கெரட்டின் இழையாவதில்லை. எந்த ஜோடி எங்கே என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. தோலின் அடியடுக்கில் கே5ம் கே14ம். செல் முதிர்ந்து மேலே ஏறியதும் கே1, கே10. கன்னத்தின் உட்புறத்தில் மேலடுக்குகளுக்குக் கே4, கே13. கல்லீரலிலும் குடலிலும் கே8, கே18. கண்ணின் முன்புறம் இருக்கும் தெளிந்த படலமான கார்னியாவில் கே3, கே12. ஆகவே ஒரு செல்லில் எந்தக் கெரட்டின் இருக்கிறது என்று கண்டுவிட்டால், அது எந்த இடத்துச் செல், எவ்வளவு முதிர்ந்தது என்ற இரண்டையும் சொல்லிவிடலாம். 1982இல் ரோலண்ட் மோலும் அவரோடு சேர்ந்தவர்களும் மனிதக் கெரட்டின்களில் 19ஐ எண்ணிட்டு, எந்தத் திசுவில் எது என்று ஒரு பட்டியலே போட்டார்கள். இன்றும் கே3, கே12 என்று நாம் சொல்வது அந்த எண்வரிசையில்தான்.

சரி, கண்ணுக்குத் தெரியாத இழையில் எது எந்த எண் என்று எப்படிப் பார்ப்பது?

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ் 1939 கோடையில் பெர்லினில் இருந்தார். மூட்டுக்காய்ச்சல் நோயாளியின் திசுவில் கிருமியின் பொருள் ஒளிந்திருக்கிறதா என்று நேரில் பார்க்க வழியில்லையே என்பது அவர் கவலை. எதிர்ப்பொருள் தன் இலக்கைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அந்த எதிர்ப்பொருளின் மேலேயே ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், அது போய் உட்காரும் இடம் தெரிந்துவிடாதா என்று யோசித்தார். ஹார்வர்டு திரும்பி வேதியியலாளர்களோடு சேர்ந்து 1941இல் அதைச் செய்துகாட்டினார். முதலில் கட்டிய சாயம் நீலமாக ஒளிர்ந்தது. திசுவுக்கே இயல்பாக ஒரு நீல ஒளிர்வு உண்டு என்பதால் இரண்டையும் பிரித்தறிவது சிரமமாயிற்று. அடுத்த ஆண்டே, 1942இல், பச்சையாக ஒளிரும் புளோரசீனுக்கு மாறினார். 1958இல் அதன் இன்னொரு வடிவம் வந்தது. இன்று உலகெங்கும் எஃப்ஐடிசி என்று சொல்லும் சாயம் அதுதான். சுமார் 490 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கிக்கொண்டு 520 நானோமீட்டர் பச்சை ஒளியைத் திருப்பித் தரும். நுண்ணோக்கியில் நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் வடிகட்டி இருக்கிறது. அதனால்தான் கருத்த பின்புலத்தில் இழைகள் மட்டும் பச்சையாக எழுந்து நிற்கின்றன.

வேலை எப்படி நடக்கிறது என்பதை மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் வழித்து ஸ்லைடில் தடவிக்கொள்ளுங்கள். மைனஸ் 20 டிகிரியில் வைத்திருந்த மெத்தனாலில் பத்து நிமிடம் அமிழ்த்தினால் செல் அப்படியே உறைந்து நிற்கும், சவ்விலும் துளை விழும். துளை விழாவிட்டால் எதிர்ப்பொருள் உள்ளே போகாது. உப்புக் கரைசலில் கழுவி, அல்புமின் கரைசலை அரை மணி நேரம் ஊற்றி வைக்க வேண்டும். எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதற்கு மேல் சுண்டெலியிலிருந்து எடுத்த கெரட்டின் எதிர்ப்பொருளை ஒரு சொட்டு விட்டு, காய்ந்துபோகாமல் ஈரப் பெட்டிக்குள் வைத்து, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க விட்டுவிடலாம். மறுநாள் மூன்று முறை கழுவ வேண்டும். இந்த எதிர்ப்பொருளில் சாயம் கிடையாது. சுண்டெலியின் எதிர்ப்பொருளைப் பிடிக்கவென்று ஆட்டிலிருந்து தயாரித்த இரண்டாவது எதிர்ப்பொருளில்தான் சாயம் கட்டியிருக்கும். முதல் எதிர்ப்பொருள் ஒன்றின் மேல் இரண்டாவது பல வந்து உட்காருவதால் ஒளி பெருகும். இதை விட்டபின் ஸ்லைடை இருட்டிலேயே வைக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும். கருவுக்கு டாப்பி என்ற நீலச் சாயம் கொடுத்து, கிளிசரின் விட்டுக் கண்ணாடித் தகடு மூடி, ஓரங்களில் நகப்பாலிஷ் பூசுவார்கள். எல்லா ஆய்வுக்கூடத்திலும் ஒரு நகப்பாலிஷ் புட்டி இருக்கும். கிளிசரின் கசியாமல் அடைப்பதற்கு அதைவிட நல்ல பொருள் இன்னும் கிடைக்கவில்லை.

இருட்டறையில் நுண்ணோக்கியைத் திறந்தால் நீலக் கருவைச் சுற்றிப் பச்சை இழைகள் செல்லின் ஓரம் வரை ஓடுவதைப் பார்க்கலாம். முதன்முறை பார்க்கும் மாணவர் யாரும் உடனே இருக்கையை விட்டு எழுந்ததில்லை. நம் உடம்பிலிருந்து சற்று முன் எடுத்த செல்லுக்குள் இத்தனை வேலைப்பாடா என்று திகைத்துப் போவார்கள். அந்தத் திகைப்பு நியாயமானது.

ஹோவர்டு கிரீன், துங்-தியன் சன் இருவரும் 1978இல் இதைத்தான் செய்தார்கள். மனிதத் தோலின் மேலடுக்கிலிருந்து கெரட்டினைப் பிரித்து, முயலுக்குச் செலுத்தி, எதிர்ப்பொருள் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் இட்டுப் பார்த்தார்கள். எபிதீலிய செல்கள் ஒளிர்ந்தன. பக்கத்தில் வளர்ந்த நார்த்திசு செல்கள் ஒளிரவில்லை. மறு ஆண்டே உள்ளுறுப்புகளின் எபிதீலியத்திலும் இந்த இழைகள் இருப்பதைக் காட்டினார்கள். முயல் எதிர்ப்பொருளுக்கு ஒரு குறை உண்டு. அது பல கெரட்டின்களையும் ஒருசேரப் பிடித்துவிடும். கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டுபிடித்த வழியில் ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் ஒற்றைவகை எதிர்ப்பொருள்கள் வந்தபின், கெரட்டின்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. சன்னின் ஆய்வுக்கூடத்தில் உருவான ஏஇ1, ஏஇ3 என்ற இரண்டையும் கலந்துதான் இன்றும் நோய்க்குறியியல் கூடங்களில் பெரும்பாலான கெரட்டின்களை ஒரே வீச்சில் தேடுகிறார்கள். நிணநீர்க் கணுவில் கெரட்டின் உள்ள செல் இருந்தால் அது அங்கே இருக்க வேண்டிய செல் அல்ல. எபிதீலியப் புற்று அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கே7, கே20 இரண்டும் இருக்கின்றனவா இல்லையா என்று பார்த்து, பரவிய புற்று எந்த உறுப்பிலிருந்து கிளம்பியிருக்கும் என்று ஊகிப்பதும் உண்டு. அது தனிப் பேச்சுக்கு உரிய பொருள். நான் சொல்ல வந்தது சன்னின் அதே கூடத்தில் உருவான ஏஇ5 என்ற எதிர்ப்பொருளின் கதை.

ஏஇ5 பிடிப்பது கே3ஐ. கார்னியாவின் மேலே இருக்கும் எபிதீலியம் ஐந்து முதல் ஏழு அடுக்கு, மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அது பத்து நாளுக்குள் முழுதும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. பழைய செல்கள் உதிர்ந்து கண்ணீரோடு போகின்றன. புதியவற்றைத் தரும் ஸ்டெம் செல் எங்கே இருக்கிறது? தோலில் அடியடுக்கில் இருப்பது போலவே கார்னியாவிலும் அடியடுக்கு முழுக்கப் பரவியிருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். கார்னியாவும் வெண்விழியும் சந்திக்கும் விளிம்பான லிம்பஸில் இருக்கலாம் என்று 1971இலேயே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நிரூபணம் இல்லை.

1986இல் ஷெர்மர், கேல்வின், சன் மூவரும் ஏஇ5ஐ இட்டுப் பார்த்தார்கள். கார்னியாவின் நடுப்பகுதியில் அடியடுக்கு முதல் மேலடுக்கு வரை எல்லாம் ஒளிர்ந்தது. லிம்பஸில் மேலடுக்குகள் ஒளிர்ந்தன, அடியடுக்கு மட்டும் இருட்டாக நின்றது. கே3 முதிர்ச்சியின் அடையாளம். நடுக்கார்னியாவின் அடியடுக்கு ஒளிர்கிறது என்றால் அங்கிருக்கும் செல்கள் ஏற்கெனவே முதிரத் தொடங்கிவிட்டவை. முதிராத செல் லிம்பஸின் அடியில்தான் இருக்கிறது. தேடிக்கொண்டிருந்த ஸ்டெம் செல்லின் இருப்பிடம் அந்த இருண்ட பட்டை.

நம் ஊர் வயல்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். லிம்பஸ் ஒரு நாற்றங்கால். அங்கிருந்து கிளம்பும் செல்தான் கார்னியாவின் நடுவுக்கு நகர்ந்து, மேலே ஏறி, முதிர்ந்து உதிர்கிறது. நாற்றங்கால் கருகிவிட்டால் நடவுக்கு வழியில்லை.

இந்த இருட்டை எதை வைத்து நம்புவது? இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தக் கேள்வியைத்தான். ஒளிராததற்குக் காரணம் பல இருக்கலாம். எதிர்ப்பொருள் அந்த அடுக்குவரை ஊடுருவாமல் போயிருக்கலாம். ஃபார்மலின் போட்டுப் பதப்படுத்தியதில் இலக்கின் வடிவம் கலைந்திருக்கலாம். பக்கத்துப் புரதம் மறைத்துக்கொண்டிருக்கலாம். கெரட்டின்களில் அப்படி மறைவது உண்டு என்பது தெரிந்த சங்கதி. எதிர்ப்பொருளே கெட்டுப்போயிருக்கலாம். இத்தனையையும் தள்ளிவிட்டு “இங்கே கே3 இல்லை” என்று சொல்லத் துணிவு எங்கிருந்து வந்தது? அதே ஸ்லைடிலிருந்து வந்தது. ஒரே வெட்டு, ஒரே சொட்டு, ஒரே இரவு. இருண்ட செல்லுக்கு ஒட்டி மேலே இருக்கும் செல் ஒளிர்கிறது. கொஞ்சம் தள்ளி, அதே அடியடுக்கில், கார்னியாவின் செல்லும் ஒளிர்கிறது. எதிர்ப்பொருள் வேலை செய்திருக்கிறது, அடியடுக்குவரை போயும் இருக்கிறது. அப்படியிருந்தும் லிம்பஸின் அடிச்செல்லில் ஒட்டவில்லை. அதன்பிறகுதான் அந்த இருட்டு சாட்சியாகிறது.

அதோடும் நிறுத்தவில்லை. 1989இல் கோட்சரேலிஸ், லேவ்கர், சன் முதலியோர் எதிர்ப்பொருளே வேண்டாத வேறு வழியில் வந்தார்கள். கதிரியக்கத் தைமிடினைச் சுண்டெலிக்குக் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, எந்தச் செல் அதை இன்னும் இழக்காமல் வைத்திருக்கிறது என்று பார்த்தார்கள். அடிக்கடி பிரியும் செல்லில் அது நீர்த்துப் போகும். மெதுவாகப் பிரியும் ஸ்டெம் செல்லில் தங்கும். தங்கியது லிம்பஸின் அடியடுக்கில். இரண்டு வழியும் ஒரே இடத்தில் கொண்டுவந்து விட்டன. சுண்டெலிக்குக் கே3 மரபணு வேலை செய்வதில்லை என்பதால் ஏஇ5 வழி அங்கே செல்லவும் செல்லாது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். எந்த உயிரினத்தில் எந்த எதிர்ப்பொருள் என்று பார்க்காமல் வாங்கிப் பணத்தை வீணாக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று கண்ணை உற்றுப் பாருங்கள். நம் போன்ற கருநிறக்காரர்களில் பலருக்குக் கருவிழியைச் சுற்றி விளிம்பில் மெல்லிய பழுப்புக் கரை தெரியும். சிலருக்கு அந்தக் கரையில் மேலும் கீழும் ஆரம்போல நுண்ணிய கோடுகள் இருக்கும். லிம்பஸ் அதுதான். நிறமி செல்கள் அங்கே ஸ்டெம் செல்லைச் சூழ்ந்து நிற்கின்றன.

இது கருகும் விதம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. வெற்றிலைக்கும் புகையிலைக்கும் விற்கும் சிறு சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கும்போது வெடித்துக் கண்ணில் தெறிக்கிறது. வெள்ளையடிப்பவர் அண்ணாந்து பார்க்கும்போது சொட்டுகிறது. ஆய்வுக்கூடத்தில், தொழிற்சாலையில் காரமும் அமிலமும் தெறிக்கின்றன. சில மாத்திரைகளின் ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயும் இதைச் செய்யும். லிம்பஸ் அழிந்தால் வெண்விழியின் சவ்வு இரத்தக் குழாய்களோடு கார்னியாவின் மேல் ஊர்ந்து வந்து மூடுகிறது. வெளிச்சம் உள்ளே போகாது. அந்த நோயாளிக்கு வெறுமனே கார்னியா மாற்று அறுவை செய்தாலும் நிலைக்காது, ஏனென்றால் வைத்த கார்னியாவின் மேல் எபிதீலியத்தைத் தர வேண்டியது நோயாளியின் லிம்பஸ். இதற்குக் காரணம் புரியாமல் எத்தனையோ அறுவைகள் தோற்றிருக்கின்றன. 1989இல் கென்யனும் செங்கும் நல்ல கண்ணிலிருந்து லிம்பஸை எடுத்து வைத்து 26 பேருக்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டார்கள். 1997இல் இத்தாலியில் பெல்லெக்ரீனி குழுவினர் சிறு துணுக்கை ஆய்வுக்கூடத்தில் தகடாக வளர்த்து வைத்தார்கள். 2012இல் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் விரேந்தர் சங்வான் குழுவினர் வளர்க்கும் வேலையையே விட்டுவிட்டு, துணுக்கை எட்டுப் பத்துத் துண்டாக நறுக்கி நேரே கண்ணின் மேல் பரப்பும் எளிய முறையை அறிவித்தார்கள். செலவு குறைவு. இந்தியாவிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட சிகிச்சை இது.

மதுரைக்கு வருவோம். இங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் அண்ணா நகரில் 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நம் மாவட்டத்தில் கார்னியாப் பாதிப்பு எவ்வளவு பெரிய பாரம் என்பதை அங்கிருந்து வந்த ஆய்வுகள்தான் உலகுக்குச் சொன்னன. 1993இல் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் என்ற கணக்கில் கார்னியாப் புண் வந்தது. அமெரிக்காவின் ஒரு மாவட்டக் கணக்கைப் போல இது பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் வந்த 434 நோயாளிகளைப் பார்த்ததில் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. வயலும் களமும் உள்ள ஊரில் நெல்லும் சருகும் கண்ணைக் கீறுவது புதிதல்ல. பல பேருக்குக் காளான் கிருமி உள்ளே போயிருந்தது. லிம்பஸ் அழிவது வேறு நோய், கார்னியாப் புண் வேறு. இருந்தாலும் கார்னியாவைப் பற்றி விடாமல் ஆராய வேண்டிய ஊர் இது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றவர் பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன். மதுரைப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் புலத்தை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். சுண்டெலிக் கருவில் கண்ணின் லென்ஸ் உருவாகும் விதத்தை 1965இல் எழுதினார். நம் வேலியில் ஓடும் ஓணானின் கரு வளர்ச்சிப் படிநிலைகளை 1970இல் சகாக்களோடு பதிவு செய்தார். ஓணானின் நோயெதிர்ப்பு மண்டலத்தை ஆராய்ந்தார். 1979இல் ராபர்ட் ஆவர்பாக்கோடு சேர்ந்து, சுண்டெலியின் கார்னியாவில் புதிய இரத்தக் குழாய் வளர்வதைப் பார்க்கும் முறையை சயன்ஸ் இதழில் வெளியிட்டார். ஊரில் கிடைக்கும் ஓணானை வைத்துத் தொடங்கியவர் உலகத் தரத்தில் நின்றார் என்பதை இங்கே இருக்கும் விலங்கியல் மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அர்பிதா, வெங்கடேஷ் பிரஜ்னா, மா. சீனிவாசன், முத்துக்கருப்பன் நால்வரும் 2005இல் வெளியிட்ட கட்டுரை லிம்பஸ் ஸ்டெம் செல்லை அடையாளம் காணும் வழியைப் பற்றியது. கே3 இல்லை என்பது போதாது. “இல்லை” என்பதோடு “இருக்கிறது” என்று சொல்லவும் ஒரு அடையாளம் வேண்டும். 2001இல் பெல்லெக்ரீனி குழு பி63 என்ற கருப் புரதத்தைச் சொன்னது. ஆனால் முதிரத் தொடங்கிய செல்லிலும் பி63 கொஞ்சம் இருக்கிறது. மதுரைக் குழுவினர் இரண்டை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒளிரும் எதிர்ப்பொருளால் பி63 எவ்வளவு ஒளிர்கிறது என்று கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் அளந்தார்கள். கூடவே, செல்லின் அளவுக்குக் கரு எவ்வளவு பெரியது என்றும் அளந்தார்கள். முதிராத செல்லில் கரு பெரிதாகவும் சுற்றியுள்ள பகுதி குறைவாகவும் இருக்கும். பி63 மிகுந்தும் கரு பெருத்தும் இருக்கும் ஒரு சிறு கூட்டத்தை லிம்பஸில் பிரித்துக் காட்டினார்கள். வெறும் “பளிச்சென்று இருக்கிறது” என்று கண்ணளவில் சொல்லாமல், ஒளியை எண்ணாக மாற்றி வாதிட்டார்கள். இந்த வேலையின் அருமை எனக்கு அதில்தான் தெரிகிறது.

இரண்டு கண்ணும் வெந்தவருக்கு எடுக்க லிம்பஸே இல்லையே? அவருக்குக் கன்னத்தின் உட்புறச் செல்லை வளர்த்து வைக்கும் வழியை ஜப்பானில் 2004 வாக்கில் காட்டினார்கள். அதே வழியில் மதுரையில் கௌரி பிரியா முதலியோர் வாய்ச் செல்லின் ஸ்டெம் செல்லை அடையாளம் கண்டு, வளர்த்து, நோயாளிகளுக்கு வைத்து, 2011இல் ஐ என்ற கண் மருத்துவ இதழில் எழுதினார்கள். இங்கேயும் கெரட்டின்தான் பாடம் சொல்கிறது. வளர்ந்த வாய்ச் செல் தகடு கே3க்கு ஒளிரும். உடனே கார்னியாவாக மாறிவிட்டது என்று மகிழ முடியாது, கே12க்குப் பெரும்பாலும் அது ஒளிர்வதில்லை. கார்னியாவுக்கே உரியது கே12. கண்ணைக் காக்கும் தோலாக வாய்ச் செல் நிற்கிறது, கார்னியாவாகிவிடவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் லிம்பஸிலிருந்து வளர்த்த தகடு ஒன்று அடி முதல் முடி வரை கே3க்குப் பச்சைப் பசேல் என்று ஒளிர்ந்தால் பார்க்க அழகாக இருக்கும். மருத்துவருக்கு அது கெட்ட செய்தி. எல்லாச் செல்லும் முதிர்ந்துவிட்டது, கண்ணில் வைத்தால் சில வாரத்தில் உதிர்ந்துபோகும், பின்னால் தருவதற்கு எதுவும் இல்லை. 2010இல் இத்தாலியில் ராமாவும் அவர் குழுவினரும் 112 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். பி63 மிகுந்து ஒளிரும் செல்கள் தகட்டில் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தபோது 78 சதவீதம் பேருக்கு வெற்றி. அதற்குக் கீழே இருந்தபோது 11 சதவீதம். ஒரு நோயாளி பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அந்தச் சிறு கூட்டத்தைச் சரியாக எண்ணுவதில் இருந்தது.

ஆகவே மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். எதிர்ப்பொருள் கடையில் வாங்கும் சரக்கு. புட்டியின் மேல் ஒட்டிய பெயரை நம்பி முடிவெழுதக் கூடாது. தவறான எதிர்ப்பொருளால் உலகெங்கும் ஆய்வுப் பணம் வீணாவதைப் பற்றி 2015இல் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். முதல் எதிர்ப்பொருளை விடாமல் இரண்டாவதை மட்டும் இட்ட ஸ்லைடு ஒன்று கட்டாயம் வேண்டும். அது ஒளிர்ந்தால் நீங்கள் பார்த்தது கெரட்டின் அல்ல. நிச்சயம் கெரட்டின் உள்ள செல் ஒன்று வேண்டும், நிச்சயம் இல்லாத நார்த்திசுச் செல் ஒன்றும் வேண்டும். இறந்த செல் எந்தச் சாயத்தையும் உறிஞ்சும். முற்றிய கெரட்டின் தானாகவே கொஞ்சம் ஒளிரும். வெட்டின் ஓரம் எப்போதும் பொய் சொல்லும். நம் ஊர்க் கோடையில் ஒரு முறை உருகிய எதிர்ப்பொருளை மறுபடி உறையவைத்தால் பாதி செத்துவிடும், ஆகவே வந்த அன்றே சிறுசிறு குழாயில் பிரித்து வைத்துவிடுங்கள். ஒப்புநோக்கு ஸ்லைடு இல்லாத ஒளிரும் படத்தை யார் காட்டினாலும், அவர் எவ்வளவு பெரியவரானாலும், “ஐயா, கன்ட்ரோல் எங்கே?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் அந்த நொடியே குழாயைத் திறந்து குறைந்தது அரை மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இமையை மேலும் கீழும் இழுத்து உள்ளே ஒட்டிய துகளையும் கழுவுங்கள். எண்ணெய், நெய், தாய்ப்பால் எதையும் விடாதீர்கள். கழுவியபின்தான் ஆட்டோ. லிம்பஸ் பிழைக்கிறதா இல்லையா என்பது அந்த அரை மணியில் தீர்மானமாகிறது.

நான் சொன்ன இந்த ஆராய்ச்சிகளுக்கு மனிதக் கார்னியா எங்கிருந்து கிடைத்தது? இறந்தவர்களின் குடும்பத்தார் கொடுத்த கண்களிலிருந்து. மாற்று அறுவைக்கு நடுப்பகுதியை எடுத்தபின் மிஞ்சும் வளையத்தில்தான் லிம்பஸ் இருக்கிறது. அந்த வளையம்தான் ஆய்வு மேசைக்கு வந்தது. வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்குத் தலையணை வைத்துச் சற்றே உயர்த்துங்கள். எடுக்க அரை மணிக்கும் குறைவாகவே ஆகும், முகம் சிதையாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், வயதானவர் எல்லோரும் கொடுக்கலாம். மாற்று அறுவைக்கு ஆகாவிட்டால் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதிக் கொடுங்கள். இன்று ராத்திரி சாப்பிடும்போதே வீட்டில் இதைப் பேசிவிடுங்கள்.